கராசாவா இலை பார்க்கப் போனார்

அக்டோபர் பிறந்த அன்று காலை, மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கராசாவா யசுனோரி தம் வாழ்க்கையிலேயே பெரிய தீர்மானத்தை அறிவித்தார். இந்த வருஷத்து இலையுதிர்காலத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, ஒரு நாள் விடாமல், மலைக்குப் போய்ப் பார்க்கப் போகிறார்.

காரணமும் வைத்திருந்தார். அழகான காரணம். முப்பத்தெட்டு வருஷம் இனா பள்ளத்தாக்கில் ரயில் ஓட்டியவர் அவர். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவருக்குப் பின்னால் ஜனங்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மலையைப் பார்த்து மெய்மறந்தார்கள். அவர் மட்டும் கைகாட்டியைப் பார்த்தார். பச்சை என்றால் போக வேண்டும், சிவப்பு என்றால் நிற்க வேண்டும். ஊரையே இலையுதிர்காலத்துக்குள் அழைத்துப்போய் அழைத்துவந்த மனிதர் அதை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது அவருக்கே தம்மேல் இரக்கம் வந்தது.

உண்மையான காரணம் வீட்டுக்குப் பின்னால் நின்றது. காகிப் பழ மரம். அந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருந்தது. அது துவர்ப்பு ஜாதி. அப்படியே கடித்தால் நாக்கு மரத்துப் பேச்சு நின்றுவிடும். தோலைச் சீவி, கயிற்றில் கோத்து, கூரை ஓரத்தில் தொங்கவிட்டு, மலைக்காற்றில் காய வைத்தால்தான் தேனாகும். சீவுவது பத்து இருபது இல்லை, கூடை கூடையாக. முந்தின நாள் அவர் மனைவி மசாயோ மரத்தை அண்ணாந்து பார்த்து, "இந்த வருஷம் வீட்டுல நாலு கை இருக்கு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு கை அவளுடையது. மற்ற இரண்டும் அன்று ராத்திரியே போர்வைக்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டன.

வசந்தத்தில்தான் கராசாவா ஓய்வு பெற்றார். அன்று முதல் மசாயோ சமையலறைக்குப் போனால் அவரும் போனார். துணி உலர்த்தப் போனால் பின்னாலேயே போய் நின்று, மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் பெண்கள் இப்படிப்பட்ட கணவன்மாரை நனைந்த சருகு என்பார்கள். எத்தனை பெருக்கினாலும் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு வருமாம். மசாயோ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் இருக்கும் அறையைப் பெருக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திப் பெருக்குவாள்.

அதனால் தீர்மானத்தை அறிவித்த கையோடு, எதிர்ப்புக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். எதிர்ப்பே வரவில்லை. மசாயோ எழுந்துபோய் இரண்டு சோற்றுருண்டை பிடித்துக் கடற்பாசியில் சுற்றினாள். பையில் வைத்தாள். கரடிக்குக் கேட்கட்டும் என்று பையின் வாரில் ஒரு பித்தளை மணியையும் கட்டினாள்.

"அவசரமில்ல. நல்லாப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

இத்தனை சீக்கிரம் பச்சையான கைகாட்டியைக் கராசாவா தம் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை. அனுபவமுள்ள ரயில் ஓட்டி அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மலைக்குப் போகும் பாதையில், ஊரைத் தாண்டியதும், ஒரு வளைவில் வெந்நீர் ஊற்றுக் குளியல் இல்லம் ஒன்று இருந்தது. மேல்குளியல் என்று பெயர். கீழே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொட்டிகள். மேலே பாய் விரித்த பெரிய கூடம். குளித்து முடித்தவர்கள் அங்கே கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், தேநீர் குடிக்கலாம், ஆவி பறக்கும் தலையோடு ஊர் வம்பு பேசலாம். அந்தக் கூடத்து ஜன்னலோரம் ஷோகிச் சதுரங்கப் பலகையை விரித்துவைத்துக்கொண்டு மொமோசே காத்திருந்தார். இவரும் ரயில்வேக்காரர்தான். மலை ஓரத்துச் சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஆட ஆள் கிடைக்காமல் தவித்தவர். எல்லாம் முன்னமே பேசிவைத்திருந்த ஏற்பாடு.

கராசாவா மணிக்குள் கைக்குட்டையைத் திணித்து வாயை அடைத்தார். தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தார். ஜன்னல் வழியாகத் தூரத்து மலை தெரிந்தது. சரி, அதையும் பார்த்தாயிற்று. பிறகு ஆட்டம், சோற்றுருண்டை, ஒரு தூக்கம், மறுபடி ஆட்டம். வெயில் சாய்ந்ததும் மணியைத் திறந்துவிட்டு, கலகலவென்று வீட்டுக்கு இறங்கினார்.

"என்னங்க பாத்தீங்க?" என்று கேட்டாள் மசாயோ.

"இலை."

"என்ன இலை?"

"மரத்து இலை."

"எப்படி இருக்கு?"

"உதிரலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கு."

அவள் தலையாட்டிவிட்டுச் சோறு பரிமாறினாள். மறுநாளும் இப்படியே போயிற்று. இலைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தன. அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம், ஊறுகாய் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே, மசாயோ சாதாரணமாகத்தான் கேட்டாள். மேல்குளியலைத் தாண்டி ஒரு மரப்பாலம் வருமே, அதன் பக்கத்தில் ஒரு பெரிய கட்சுரா மரம் நிற்குமே, அது மணக்க ஆரம்பித்துவிட்டதா?

கராசாவாவுக்கு வாயில் போட்ட முள்ளங்கி நின்றது. மணக்கிறதா என்றால் என்ன அர்த்தம்? அக்டோபரில் எந்த மரம் பூக்கும்? கேலி செய்கிறாளா, பொறி வைக்கிறாளா? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். நடுவாக ஒரு பதில் சொல்லிப் பார்த்தார்.

"லேசா மணக்குது."

"என்ன வாசனை?"

"மர வாசனை."

"ஓகோ" என்றாள் மசாயோ. அந்த ஓகோவில் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

மறுநாள் அவர் மேல்குளியல் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், கழற்றாமல் நின்றார். பாலம் கொஞ்ச தூரம்தான். ஒரு எட்டுப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம். எதற்கும் ஆதாரம் கையில் இருப்பது நல்லது.

பாலத்துக்கு முன்னாலேயே அது வந்தது. முதலில் யார் வீட்டிலோ வெல்லப்பாகு காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தார். பாகு பதம் தாண்டிக் கொஞ்சம் முறுகிவிட்டால் வருமே, அந்த இனிப்பும் கருகலும் கலந்த வாசனை. அங்கே வீடு எதுவும் கிடையாது. ஓடை, பாலம், மரம். மரம் முழுக்க மஞ்சள். இதயம் மாதிரி சின்னச் சின்ன வட்ட இலைகள், காற்றே இல்லாமல், ஒவ்வொன்றாக, தண்ணீரைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தன. வாசனை வந்தது கீழே விழுந்து கிடந்த இலைகளிலிருந்து. ஒரு கை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த மரத்துக்குக் கீழேதான் ரயில் பாலம் ஒன்று போகிறது. முப்பத்தெட்டு வருஷம் அதன்மேல் வண்டி ஓட்டியிருக்கிறார். இப்படி ஒரு தித்திப்பு தலைக்குமேலே தனியாக வெந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், குளியலை மறந்தார், மொமோசேயை மறந்தார், சோற்றுருண்டையைக்கூட மறந்தார். எழுந்தபோது ஓடை நீரில் வெளிச்சம் சிவந்திருந்தது.

அன்று சாயங்காலம் மசாயோ கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். வெல்லப்பாகு என்றார். காய்ந்த இலையைவிட ஈரமான இலையில்தான் அதிகம் என்றார். கைகளைத் தூக்கி இலை எப்படி இறங்கியது என்று காட்டினார். மசாயோ கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில், அப்படியானால் பாலத்துக்கு மேலே கருவாலி மரங்கள் நிற்கும் சரிவில் அந்த நீலச் சிறகுக் காட்டுக்காகம் குளிர்காலத்துக்குக் கொட்டைகளை ஒளித்துவைக்குமாமே, எங்கே ஒளித்துவைக்கும் என்று கேட்டாள்.

எங்கே? கராசாவாவுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததை அவர் பின்னாளில் நினைத்துப் பார்த்தபோது, நாட்கள் தனித்தனியாக நினைவுக்கு வரவில்லை. ஒரே நீளமான பகல் போலத்தான் இருந்தது. காட்டுக்காகம் தொண்டை புடைக்கக் கொட்டைகளை அடக்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாகக் கக்கி, மண்ணில் குத்தி, மேலே ஒரு சருகை எடுத்துவைத்து மூடும். பிறகு இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, சரியாக மூடியிருக்கிறோமா என்று பார்க்கும். அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோடை முழுக்க மலை உச்சியில் இருந்த சிவப்புத் தும்பிகள் ஒரு மத்தியானம் ஓடை வழியே கீழே இறங்கின. ஆயிரமோ பதினாயிரமோ, சத்தமே இல்லாமல், அறுத்து முடித்த வயல்களை நோக்கி. அவர் தொப்பியில் ஒன்று, முழங்காலில் ஒன்று உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயின. வெயில்பட்ட பாறையில் ஒரு பாம்பு, மண்ணுக்குள் போவதற்கு முன் கடைசிச் சூட்டைக் குடித்துக்கொண்டு கிடந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து கலைமான் கூப்பிட்டது. அது குரல் மாதிரியே இல்லை. யாரோ துருப்பிடித்த கதவு ஒன்றை மெள்ள, மிக மெள்ள, வானத்தில் திறப்பது மாதிரி இருந்தது.

மேப்பிள் மரங்கள் சிவந்தபோதுதான் கொஞ்சம் சங்கடம். வளைவு திரும்பியதும் எதிரே ஒரு சரிவு முழுக்கச் சிவப்பாக நின்றது. அவர் கால் தானாக நின்றுவிட்டது. சிவப்பைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பின்னால் வண்டி எதுவும் காத்திருக்கவில்லை.

மசாயோவின் கேள்விகளும் நிற்கவில்லை. முறைக்காய்ச்சல் மாதிரி விட்டுவிட்டு வரும் கேள்விகள் இல்லை. சோறு மாதிரி, தினமும் வேளைக்கு ஒன்று. காட்டுத் திராட்சை பனி விழுந்த பிறகு இனிக்குமா? மேல் குளத்துக்கு வாத்துகள் வந்துவிட்டனவா, வந்தால் எந்தப் பக்கக் கரையில் தூங்கும்? அவர் பார்த்துவந்து சொன்னார். அவள் கேட்டாள். இத்தனை வருஷத்தில் இவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

வீட்டிலும் இலையுதிர்காலம் நடந்துகொண்டிருந்தது. அவர் அதையும் கவனிக்கத் தவறவில்லை. கூரை ஓரத்தில் சீவிய காகிகள் முதலில் ஒரு சரம் தொங்கின, பிறகு சரம் சரமாக, கடைசியில் வாசலுக்கே ஆரஞ்சு நிறத் திரை போட்ட மாதிரி தொங்கின. சாயங்கால வெயில் அவற்றுக்குள் புகுந்து விளக்கேற்றுவதை ரசித்தார். யார் சீவினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மசாயோவின் கன்னங்களும் நாளுக்கு நாள் சிவந்து பளபளத்தன. மலைக்காற்று எல்லாவற்றையும் சிவக்க வைக்கிறது என்று எண்ணிக்கொண்டார். மொமோசேயின் நினைவு வந்தால் மட்டும் மனம் குறுகுறுத்தது. பாவம், தனியாகப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. அதுவும் ஆச்சரியம்தான்.

நவம்பரில் ஒருநாள், லார்ச் மரங்கள் இலை உதிர்க்கும்போது சத்தம் கேட்குமா என்று மசாயோ கேட்டாள். லார்ச் காடு மேல் குளத்துக்கும் மேலே, கணவாய்க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கராசாவா அதிகாலையில் கிளம்பி, நெடுநேரம் ஏறினார்.

மலைச்சரிவு முழுக்கப் பொன். ஊசி ஊசியான இலைகள். காற்று இல்லை. பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்தார். உச்சிப்பொழுதில் கணவாயிலிருந்து ஒரு காற்று புறப்பட்டது. அது வருவது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. மேலேயிருந்து ஒவ்வொரு மரமாகப் புகைந்துகொண்டு வந்தது. அப்புறம் அவரைச் சுற்றி மழை. பொன் மழை என்று ஆயிரம்பேர் சொல்லிவிட்டார்கள், அவருக்கு அந்தச் சொல்கூடத் தோன்றவில்லை. தொப்பிமேல், தோள்மேல், கழுத்துப்பட்டைக்குள், திறந்த வாய்க்குள் அந்த ஊசிகள் விழுந்தன. சத்தம் இருந்தது. பட்டுத் துணியில் அரிசிக் குருணை கொட்டுகிற மாதிரி, காதை நீட்டினால் மட்டும் கேட்கிற சத்தம்.

கராசாவாவின் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே அவருக்குத் தோன்றியது இதுதான்: இதை வாயால் சொல்லி மாளாது. மசாயோ பார்க்க வேண்டும். இன்றைக்கே பார்க்க வேண்டும். நாளைக்கு மரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அவர் ஓடினார். அறுபது தாண்டிய மனிதர், மலையிலிருந்து, மணி அலற ஓடினார். எங்காவது கரடி இருந்திருந்தால் அது வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தகேமுரா அம்மாள் முள்ளங்கி உலர்த்திக்கொண்டிருந்தார். மசாயோ எங்கே என்று இவர் மூச்சு வாங்கக் கேட்டதும், அந்த அம்மாள் இவரை விசித்திரமாகப் பார்த்தார். மேல்குளியலில்தான், வேறெங்கே, தினமும் நீங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவளும் கிளம்பிவிடுவாளே என்றார். உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டுவிட்டு, முள்ளங்கியின்மேல் குனிந்துகொண்டார்.

கராசாவா மறுபடி ஏறினார். இந்த முறை மணியின் வாயை அடைக்கத் தோன்றவில்லை.

கூடத்தில், ஜன்னலோரத்தில், அவருடைய இடத்தில், அவருடைய திண்டில் சாய்ந்துகொண்டு மசாயோ உட்கார்ந்திருந்தாள். தோளில் துண்டு. ஈரக் கூந்தல். கன்னங்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. எதிரே மொமோசே. நடுவில் ஷோகிப் பலகை. மொமோசேயின் ஒரு பக்கம் கூடை நிறையக் காகி, மறு பக்கம் தோல் குவியல். ஒரு காயை நகர்த்துவார், உடனே கத்தியை எடுத்து ஒரு காயைச் சீவுவார். பலகையில் அவர் காய்கள் குறைந்துகொண்டே வந்தன. கூடையில் குறைந்த பாடில்லை.

"வாய்யா" என்றார் மொமோசே, தலை நிமிராமல். தோற்றவன் சீவ வேண்டும் என்பது பந்தயம் என்று விளக்கினார். போன மாதத்திலிருந்து தான் ஜெயித்ததே இல்லை என்றும் சொன்னார். குரலில் வருத்தம் இல்லை. ஷோகியில் பிடிபட்ட காய் எதிராளியின் பக்கம் சேர்ந்துகொண்டு ஆடும். மொமோசே எப்போதோ பிடிபட்டிருந்தார்.

கராசாவா பாயில் சரிந்து உட்கார்ந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற எண்ணம் வந்தது. அதே வேகத்தில், யாரை யார் பிடித்தது என்ற சந்தேகமும் வந்தது.

"நீ... உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னது?"

"நான் இங்க வந்துட்டிருந்தது."

"முதல் நாளே" என்றாள் மசாயோ. "மலைக்குப் போயிட்டு வந்தவருக்குக் காதுக்குப் பின்னால சோப்பு வாசனை. எந்த மலைங்க அப்படித் தேச்சுக் குளிப்பாட்டி அனுப்பும்?"

மொமோசே சீவிக்கொண்டிருந்த காகியை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ அந்தக் கேள்வியெல்லாம்? கட்சுரா மரம், காட்டுக்காகம், வாத்து... இவ்வளவு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? கேக்கறதுக்குத் தெரிஞ்சிருக்கணுமா? தொட்டில உக்காந்து பொம்பளைங்க பேசிக்குவாங்க. ஒண்ணு ஒண்ணா எடுத்துட்டு வந்து உங்களக் கேப்பேன்."

கராசாவா கண்ணை மூடி மலையை நினைத்துப் பார்த்தார். முதலில் பாலம். பிறகு பாலத்துக்கு மேலே கருவாலிச் சரிவு. அதற்கும் மேலே குளம். அதற்கும் மேலே லார்ச் காடு. ஒவ்வொரு கேள்வியும் முந்தினதைவிட ஒரு மேடு தள்ளி இருந்தது. கட்டின மாட்டுக்குத் தினம் ஒரு முழம் கயிற்றை நீட்டிவிட்ட மாதிரி. மாடு தானே புல் தேடிப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தது.

"என்னை ஏமாத்திட்ட" என்றார் மெல்ல.

மசாயோ தேரை நகர்த்தி மொமோசேயின் ராஜாவுக்கு வழியை அடைத்துவிட்டு, நிதானமாகத் திரும்பினாள். "நீங்க மலைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் குளிக்க வந்தீங்க. நான் குளிக்கப் போறேன்னு குளிக்க வந்தேன். இதுல ஏமாத்தினது யாரு?"

கூடத்தில் படுத்திருந்த யாரோ ஒருவர் போர்வைக்குள் சிரித்தார்.

பிறகு அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை வருஷமும் பகல் பொழுது அவளுடையதாக இருந்தது என்றாள். வசந்தத்தோடு அது போய்விட்டது. சண்டை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. "நீங்களும் வெறுங்கையா உக்காந்திருக்கக் கூடாது, எனக்கும் என் பகல் வேணும். அவ்வளவுதான்."

கராசாவாவுக்குக் கோபப்பட வேண்டும் என்று இருந்தது. நியாயமாக நிறையவே கோபப்படலாம். தலையைத் தூக்கினார். கழுத்துப்பட்டையிலிருந்து லார்ச் ஊசிகள் பாயில் உதிர்ந்தன. உதிர்ந்ததைப் பார்த்ததும் எதற்காக ஓடிவந்தோம் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"சத்தம் கேக்குது" என்றார். "நீ கேட்டியே. வா, காட்டறேன். இன்னிக்கு விட்டா இல்ல."

மசாயோ அவர் முகத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். இன்னும் மூன்று நகர்த்தலில் அவள் ஜெயித்துவிடுவாள். ஆனாலும் எழுந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாள். மொமோசே பெருமூச்சு விட்டார். அது ஆறுதல் பெருமூச்சு என்று அப்புறம் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து, பாதிக் காடு உதிர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் பாதி அவர்களுக்காகக் காத்திருந்தது போல, இருவரும் பாறையருகே வந்ததும், காற்று மறுபடி இறங்கியது. மசாயோ முகத்தை அண்ணாந்து நின்றாள். ஈரக் கூந்தல் முழுக்கப் பொன் ஊசி ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்ததைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டாள். அந்த வீட்டில் இத்தனை காலம் பார்த்த மசாயோ இல்லை அது. அவர் மரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடைச் சத்தம் எங்கேயோ தூக்கத்தில் பேசுவது போலக் கேட்டது. மலைக்குக் கீழே, மிகக் கீழே, வேறு யாரோ ஓட்டிய ஒரு ரயில் விளக்கோடு ஊர்ந்து போயிற்று.

இறங்கும்போது கராசாவாவின் மனசு இளகிப் பாகாய் இருந்தது. ஒரு சமாதானத் திட்டமும் உருவாகிவிட்டது. இலை எல்லாம் உதிர்ந்தாயிற்று, பார்க்க இனி ஒன்றும் இல்லை. நாளை முதல் அவரும் அவளோடு மேல்குளியலுக்கே வந்துவிடுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். எந்தக் காயை நகர்த்தலாம் என்று யோசனை சொல்வார். இனிமேல் ஒரு நிமிஷம்கூடப் பிரிய வேண்டாம். எல்லாவற்றையும் நெஞ்சு நெகிழச் சொல்லி முடித்தார்.

 மசாயோ அவர் தோளில் ஒட்டியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"என்னங்க" என்றாள், மிகவும் பிரியமாக. "பனி விழுந்தா இந்த மலை முயலெல்லாம் வெள்ளையா மாறிடுமாமே. காது முதல்ல வெளுக்குமா, கால் முதல்ல வெளுக்குமா?"

கயிறு. இந்தத் தடவை அவருக்கு அது தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே கட்டியிருக்கிறது, எவ்வளவு நீளம், யார் கையில் இருக்கிறது, எல்லாமே தெரிந்தது. சிறிது தூரம் நடந்தார். காதாகத்தான் இருக்கும். ஆனால் கால்தான் தரையைத் தொடுகிற இடம், பனி முதலில் படுகிற இடம்.

"எந்தப் பக்கம் இருக்கும் அந்த முயலு?" என்று கேட்டார்.

"கணவாய்க்கு அந்தப் பக்கமாம்" என்றாள் மசாயோ. "ஒரே நாள்ல போயிட்டுத் திரும்ப முடியாது. பரவால்லீங்க, அங்க ஒரு சத்திரம் இருக்காம், நான் விசாரிச்சு வச்சிருக்கேன்."